நான்கு கயிறும் ஓர் ஆணியும்

நான்கு முடிச்சுகளையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் நாகையா வாத்தியார் சட்டைப் பொத்தானைப் போடுவார். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்ததும் அவருக்கு முதல் வேலை அது. ஆணியின் கழுத்தில் கட்டிய தேங்காய் நார்க் கயிறுகளை ஒவ்வொன்றாக விரலில் சுற்றி வெடுக்கென்று ஓர் இழுப்பு. நான்காவது முடிச்சும் அசையாமல் நின்றால் "ம்" என்பார். பொத்தான், திருநீறு, வருகைப் பதிவு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஆணி என்றால் சுவரில் படம் மாட்டுகிற ஆணி இல்லை. தண்டவாளத்தைக் கட்டையோடு அறைந்து நிறுத்துகிற ரயில் ஆணி. ஒரு சாண் நீளம் இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். அது எப்படி வந்தது என்று கேட்டால், "பழசு லா, தூக்கிப் போட்டது" என்பார். யார் தூக்கிப் போட்டார்கள், எங்கே போட்டார்கள் என்பதை அவர் சொன்னதில்லை. ரயில்வேக்காரர்களும் இதுவரை கேட்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே நீள அறைதான் பள்ளிக்கூடம். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்களும் பட்டறைக்காரர்களும் சங்கம் வைத்து நடத்துவது. நாற்பத்து மூன்று பிள்ளைகள், நான்கு வகுப்புகள், ஒரு வாத்தியார். அறையின் நடுவில் ஒரு பெரிய மரத்தட்டு கிடக்கும். அதில் சலித்த ஆற்று மணல். தட்டின் நான்கு மூலைகளிலும் நான்கு பிள்ளைகள் குந்தி, ஆளுக்கு ஒரு கயிற்றைப் பிடிக்க வேண்டும். நால்வரும் அளவாக இழுத்துப் பிடித்தால் ஆணி நிமிர்ந்து நிற்கும், அதன் நுனி மணலைத் தொடும். ஒருவர் இழுக்க, எதிரே இருப்பவர் விட்டுக்கொடுக்க, ஆணி நகர்ந்து எழுதும். ஒருவர் அவசரப்பட்டால் எழுத்தின் குறுக்கே ஒரு கோடு விழும். ஒருவர் அசந்தால் ஆணி படுத்துவிடும்.

அப்படி ஆனவுடன் வாத்தியார் கையிலிருக்கும் குச்சியால் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு தட்டி, எப்போதும் கேட்கிற ஒரே கேள்வியைக் கேட்பார்.

"யாரு முந்துனது?"

முந்தினவர் இடது கையைத் தூக்க வேண்டும். அடி இல்லை, முட்டி போடுவது இல்லை. கையைத் தூக்கினால் மணலை நிரவிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. தூக்காவிட்டாலும் அடி இல்லை. ஆனால் தூக்கும் வரை ஆணி நகராது. ஒரு முறை 'ஞ' எழுதும்போது யாருமே கையைத் தூக்காமல் மதியச் சாப்பாடு வரை நான்கு பேர் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோபமே இல்லாமல், காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

இந்தக் கேள்வி அவர் வீட்டிலும் நடமாடும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் மனைவி சீதாலெட்சுமியிடம், "யாரு முந்துனது, பாலா நீயா?" என்பார். அந்த அம்மாள் கரித்துணியை அவர் பக்கம் தள்ளிவிடுவார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பாடம் கிடையாது. அன்று வில்லங்கம். வாத்தியார் வைத்த பெயர்தான். நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஏதாவது ஒரு வில்லங்கத்தைக் கொடுத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஏறாமல் தூங்குமூஞ்சி மரத்தின் உயரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டே பலகைகளை வைத்துக்கொண்டு, தரையில் கால் படாமல் தண்ணீர் வாளியை முற்றத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோக வேண்டும். கேட்டால் யோசனை சொல்ல மாட்டார். "நாலு மண்டை இருக்கு இல்ல, அதுல கேளு" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வில்லங்கம் கொடுக்கவே தேவைப்படவில்லை. பேய் மழை. கூரை ஏழு இடங்களில் ஒழுகியது, பள்ளிக்கூடத்தில் இருந்தவை மூன்று வாளிகள். பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினார்கள். நான்காம் வகுப்புத் தங்கமணி மட்டும் ஓடாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒழுகும் இடத்துக் கம்பில் ஒரு சணல் நூலைக் கட்டி, மறுமுனையை வாளிக்குள் விடச் சொன்னாள். தண்ணீர் சொட்டாமல் நூலைப் பிடித்துக்கொண்டு வாளிக்கு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் ஏழு ஒழுக்கும் மூன்று வாளிக்குள் இறங்கின. வாத்தியார் அந்த நூல்களை அவிழ்க்க விடவில்லை. இன்றும் கூரையிலிருந்து தொங்குகின்றன. புதிதாக வருகிறவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாத்தியார் வேலைக்கு வருமுன் நாகையா பதினொரு வருஷம் ரயில்வேயில் இருந்தார். சாலாக் செலாத்தான் பக்கம் தண்டவாளம் மாற்றும் கூட்டத்தில் அவர் பாட்டுக்காரர். இருபது பேர் ஒரு தண்டவாளத்தைக் கழிகளில் கோத்துத் தோளில் தூக்கும்போது, எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்கவும் ஒரே நேரத்தில் அடி வைக்கவும் ஒருவர் பக்கத்தில் நடந்தபடி பாட வேண்டும். பாட்டு பிசகினால் யாருடைய காலாவது போய்விடும். நாகையா பாடிய பதினொரு வருஷத்தில் ஒரு கால்கூடப் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் கூட்டத்துக்கு வரும் கடிதங்களையும் அவர்தான் படித்துச் சொல்வார். பழைய வாத்தியார் கிள்ளானில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை கிடைத்துப் போனபோது, சங்கத் தலைவர் தம்புசாமி இவரைக் கூப்பிட்டு, "பாட்டு போதும், பாடம் சொல்லு" என்றார். தம்புசாமி அந்தக் கூட்டத்தை மேய்த்த மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகையா மறுவாரமே ஆணியோடு வந்து சேர்ந்தார்.

அவருடைய பெருமை நான்காம் வகுப்பு. அதில் மொத்தமே நான்கு பேர். புஷ்பவல்லி, விஜயன், தங்கமணி, ராதாகிருஷ்ணன். நால்வருக்கும் சேர்த்து ஒரே சிலேட்டு. சிலேட்டுக்குப் பஞ்சமில்லை, அலமாரியில் அடுக்கிக் கிடந்தன. நால்வரும் பேசி ஒத்துப்போன பிறகுதான் பலப்பம் சிலேட்டைத் தொட வேண்டும் என்பது சட்டம். எவ்வளவு நீளக் கணக்கானாலும் அவர்கள் முடித்துவிட்டு நிமிர்வதற்குள் வாத்தியார் ஒரு சுருட்டைப் பாதிகூடக் குடித்திருக்க மாட்டார். வருகிறவர் போகிறவரிடம், "நம்ம நாலாவது எஞ்சின் மாதிரி. தண்ணி ஊத்துனா ஓடும்" என்பார்.

சென்ற வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கருப்புக் குடை. உள்ளே நுழைந்ததும் குடையின் நுனியால் ஆணியைத் தொட்டுப் பார்த்தார்.

"உந்தக் கயிறு என்னத்துக்கு, வாத்தியார்?"

"எழுதிப் பழகத்தாங்க ஐயா. நாலு பேரு சேந்து இழுத்தாத்தான் எழுத்து வரும்."

"எழுத ஒரு கை போதுமே. நாலு கை என்னத்துக்கு?"

நாகையா விளக்க ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காம் வகுப்பு நால்வரையும் அறையின் நான்கு மூலைகளில் தனித்தனியாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு சிலேட்டைக் கொடுக்கச் சொன்னார். ஒரு கணக்கை எழுதிய தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். பன்னிரண்டு பேர் ஒன்பது நாளில் ஒரு வேலியைக் கட்டி முடித்தார்கள். அதே வேலியைப் பதினெட்டுப் பேர் கட்ட எத்தனை நாள்?

நாகையாவுக்குச் சிரிப்பு வந்தது. இதைவிடக் கடினமானதையெல்லாம் அவருடைய எஞ்சின் ஊதித் தள்ளியிருக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

புஷ்பவல்லி கணக்கைத் தெளிவாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டுத் தங்கமணி இருந்த மூலையைப் பார்த்தாள். தங்கமணி பலப்பத்தைக் கூர் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தாளில் இருந்த நீளமான வாக்கியத்தைப் படிக்க வரவில்லை. மறுகோடியிலிருந்து புஷ்பவல்லி படித்ததில் பாதிதான் காதில் விழுந்தது. விஜயன் முத்து முத்தான எழுத்தில் தன் பெயரையும் தேதியையும் 'விடை' என்ற சொல்லையும் எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டு, அதற்கு மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தான். ராதாகிருஷ்ணன் எழுதவே இல்லை. மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது அவன் வேலை. அவன் சிலேட்டில் கண்டுபிடிக்க ஒரு தப்பும் இல்லை.

இரண்டு வருஷமாக ஒருத்தி படித்து, ஒருத்தி கணக்குப் போட்டு, ஒருவன் எழுதி, ஒருவன் சரிபார்த்து வந்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடியது உண்மைதான். எந்தச் சக்கரம் எதைச் செய்கிறது என்று நாகையா குனிந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரையில் தொங்கிய நூல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு பிள்ளையளையும் ஒண்டாச் சேர்த்தால் ஒரு பிள்ளை பாஸ்," என்றார் இன்ஸ்பெக்டர். கேலியாகச் சொல்லவில்லை. "சர்க்கார் அப்பிடிக் கணக்கெடுக்கிறதில்லை, வாத்தியார். மூண்டு மாசத்தில திரும்ப வருவன்."

பள்ளிக்கூடத்துப் பார்வைப் புத்தகத்தில் அவர் எழுதிப் போனதைச் சங்கத்தார் அன்று மாலையே கூடிப் படித்தார்கள். கயிற்று விளையாட்டு நிறுத்தப்பட வேண்டும். நான்காம் வகுப்பு தனித்தனியே தேறாவிட்டால் பள்ளிக்கூடம் பதிவிலிருந்து எடுக்கப்படும். நாகையாவை அனுப்பிவிட்டு இந்தியாவிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவரை வரவழைத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அனுப்பினால் அவர் எங்கே போவது? ரப்பர் விலை விழுந்த காலம். ரயில்வேயும் ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. தம்புசாமி யாரையும் மறுத்துப் பேசவில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்கள் போன பிறகு மணல் தட்டின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாகையா, நம்ம கூட்டத்துல பாட்டோட எத்தனை தட்டுக்கு ஒரு தரம் தோள் மாத்துவோம்?"

"இருபதுக்கு, அண்ணே."

"எதுக்கு மாத்துறது?"

"ஒரே தோள்ல வச்சா அது காய்ச்சுப் போயிரும். இன்னொரு தோள் சும்மாவே கெடந்து தூக்க முடியாமப் போயிரும்."

"தெரிஞ்சுதான் இருக்கு. அப்புறம் ஏன் லா இந்தப் புள்ளைங்களுக்கு மாத்தல?"

தம்புசாமி சட்டையைக் கழற்றிக் காட்டினார். இரண்டு தோள்களிலும் ஒரே அளவுக்குக் கருத்துத் தடித்த காய்ப்பு.

"உன் தோளக் காட்டு."

நாகையா காட்டவில்லை. காட்ட ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"தோள் மாத்துறதுக்குப் பாட்டு நீதான் பாடுவ. தூக்குனவனுக்குத்தான் அது வலி, பாடுனவனுக்கு அது ஒரு வரி. அதான் மறந்துட்ட. வேற ஒண்ணுமில்ல." சட்டையை மாட்டிக்கொண்டு தம்புசாமி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நாகையா ஆணியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். பத்து நிமிடம் கழித்துத் திறந்து எடுத்தார். மூன்று மாதம் சிலேட்டும் மனப்பாடமுமாக ஓட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அதுவே புத்திசாலித்தனம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் ஏழு ஒழுக்குக்கு மூன்று வாளி போதும் என்று மனப்பாடத்தில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? காலையில் ஆளுக்கு ஒரு சிலேட்டு, மதியத்துக்குப் பிறகு கயிறு என்று பிரித்துவிட்டார். கயிற்றிலும் ஒரு புதுச் சட்டம். ஓர் எழுத்து முடிந்ததும் குச்சியால் தட்டி, "தோள் மாத்து" என்பார். எல்லோரும் ஒரு மூலை தள்ளி உட்கார வேண்டும். நால்வரும் சேர்ந்து போடும் கணக்கிலும் வேலை அப்படியே மாறும். இன்று படித்தவள் நாளை கணக்குப் போடுவாள், கணக்குப் போட்டவள் எழுதுவாள்.

முதல் மாதம் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. எஞ்சின் மாட்டுவண்டியாகிவிட்டது. விஜயன் கூட்டச் சொன்னால் பெருக்கினான். தங்கமணி ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்து, வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்தாள். "நானே போட்டுர்றேன் ஐயா, விஜயனுக்கு வராது" என்று அழுதாள். "வரலன்னா நீ சொல்லிக் குடு. போட்டுக் குடுக்காத," என்றார் வாத்தியார். புஷ்பவல்லியின் தாய் மாரியாயி வாசலில் நின்று, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணை ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். நாகையாவுக்குச் சுருட்டு அதிகமாயிற்று.

மூன்றாம் மாதக் கடைசியில் சொன்னபடி இன்ஸ்பெக்டர் வந்தார். அதே கோட்டு, அதே குடை. மறுபடியும் நான்கு மூலைகள், நான்கு சிலேட்டுகள். இந்த முறை நான்கு பலப்பங்களும் நகர்ந்தன. விஜயனுடைய கணக்கு கோணலாக இருந்தது, விடை சரியாக இருந்தது. ராதாகிருஷ்ணன் தன் சிலேட்டிலேயே தப்புக் கண்டுபிடித்து அழித்து எழுதினான். தங்கமணியை எழுந்து பாடம் படிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவள் நான்காவது வரியில் ஒரு நீளச் சொல்லில் நின்றாள். மற்ற மூன்று மூலைகளிலும் மூன்று வாய்கள் சத்தமில்லாமல் அசைந்தன, ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. தங்கமணி சொல்லை இரண்டாக உடைத்து, சேர்த்து, தாண்டிப் போனாள்.

"நாலும் பாஸ்," என்று இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றியவர் மணல் தட்டைப் பார்த்து நிறுத்தினார். "கயிற்றை நிப்பாட்டச் சொல்லி எழுதியிருந்தனே."

"நிறுத்தல, ஐயா." நாகையா குச்சியால் தட்டைக் காட்டினார். "மாத்தி வச்சிருக்கேன்."

"அப்ப ஓட்டிக் காட்டும். பாத்திட்டு எழுதுறன்."

நால்வரும் வந்து குந்தினார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சியின்மேல் ஏறி நின்றார்கள். முதலில் 'ட'. பிறகு தோள் மாத்து. 'ப'. தோள் மாத்து. 'ஞ'கூட, ஒரு கால் சற்று நீண்டுபோனாலும், 'ஞ' என்று சொல்லும்படி வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் பிள்ளைகள் எழுந்து இடம் மாறுவதை இன்ஸ்பெக்டர் குடையின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் மூலை மாறுகினம். நல்லது," என்றார். "வாத்தியாருக்கு எந்த மூலை?"

வெறும் தகவலுக்காகத்தான் கேட்டார். நாகையா தட்டைச் சுற்றி வந்தார். பிறகு குச்சியைப் புஷ்பவல்லியிடம் நீட்டினார். அவள் புரியாமல் வாங்கிக்கொண்டு எழுந்தாள். அவள் விட்ட மூலையில், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முழங்கால் சடக்கென்று சொடுக்க, நாகையா குந்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, எழுதுவதற்கென்று ஒரு கயிற்றின் நுனியைக் கையில் சுற்றினார். "'ஞ' போடலாம்," என்றார்.

புஷ்பவல்லி குச்சியால் தட்டினாள். ஆணி நிமிர்ந்தது. இரண்டு வளைவு வரை ஒழுங்காக நகர்ந்தது. மூன்றாவது வளைவுக்கு மற்றவர்கள் இழுப்பதற்கு முன்னாலேயே, பதினொரு வருஷம் பாடிய பாட்டு உடம்புக்குள் ஓட, அவர் கை இழுத்துவிட்டது. பாதி எழுத்தின் குறுக்கே ஒரு கோடு, தட்டின் விளிம்பு வரை.

விஜயனும் தங்கமணியும் ராதாகிருஷ்ணனும் தங்கள் தங்கள் கயிற்றைப் பார்த்தார்கள். புஷ்பவல்லி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். பிறகு விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள்.

"யாரு முந்துனது?"

நாகையா வாத்தியார் இடது கையைத் தூக்கினார்.